குலுக்கல் போட்டுப் பாதிக் குழந்தைகளை மட்டும் காப்பகத்திலிருந்து எடுத்தது சரியா?

வெண்ணிலா_எம்எஸ்சி:
வளர்ச்சி உளவியல் பேப்பரில் புக்கரெஸ்ட் ஆய்வு வந்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 6 காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகள், எல்லாம் 6 மாதத்திலிருந்து 31 மாதம் வரையான வயது. குலுக்கலில் 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள், மீதி 68 பேர் இருந்த இடத்திலேயே. காப்பகம் பச்சைக் குழந்தைக்கு ஆகாது என்று குழந்தை மனநல ஆய்வாளர்கள் ஸ்பிட்ஸும் பவுல்பியும் எப்போதோ எழுதிவிட்டார்களே, அப்புறம் எதற்குக் குலுக்கல்? தத்துப் போனவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதாதா? கூடவே, அந்த ஈஈஜி (மூளை மின்னலைப் பதிவு) முடிவுகளை எப்படிப் படிப்பது என்றும் யாராவது சொல்லுங்கள்.

புள்ளியியல்_பித்தன்:
போதாதுங்க. தத்தெடுக்க வருகிறவர் எந்தக் குழந்தையைத் தூக்குவார்? சிரிக்கிற, துறுதுறுவென்று இருக்கிற, நோயில்லாத குழந்தையை. பத்து வருடம் கழித்து அவர்கள் நன்றாக இருந்தால் அது குடும்பத்தால் வந்ததா, முதலிலேயே அப்படித்தானா என்று பிரிக்கவே முடியாது. பிரிட்டனுக்குத் தத்துப் போன ருமேனியக் குழந்தைகளை பிரிட்டிஷ் மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரின் குழு பல வருடம் பின்தொடர்ந்தது, அருமையான ஆய்வு, ஆனால் குலுக்கல் இல்லாததால் இந்தக் கேள்வி அங்கே தொங்கிக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொன்று. காப்பகத்தில் விடப்பட்ட 68 பேரில் பலர் பிறகு பெற்றோரிடமோ அரசு ஏற்பாடு செய்த குடும்பத்துக்கோ போய்விட்டார்கள். ஆனாலும் கணக்கில் அவர்கள் கடைசிவரை காப்பகக் குழுதான், குலுக்கலில் எங்கே விழுந்தார்களோ அங்கேதான். அப்படியிருந்தும் 54 மாத வயதில் சராசரி ஐக்யூ காப்பகக் குழுவுக்கு 73, குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81 (சொந்த வீட்டில் வளர்ந்த குழந்தைகளுக்கு 109). உண்மையான வித்தியாசம் இதைவிடப் பெரிதாகவே இருந்திருக்கும்.

கரிசல்காரி:
நெறிமுறையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த ஊரில் அன்றைக்கு என்ன இருந்தது என்று பார்க்கணும். 1966இல் ருமேனியாவை ஆண்ட சௌசெஸ்கு 770ஆம் ஆணை போட்டு கருக்கலைப்பைத் தடுத்தார், வளர்க்க வழியில்லாத பிள்ளைகள் காப்பகங்களில் குவிந்தார்கள், 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோது எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கு மேல். ஆய்வு தொடங்கிய 2000 வாக்கில் புக்கரெஸ்டில் வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே கிட்டத்தட்ட இல்லை, ஆய்வாளர்கள்தான் ஆள் தேடி, பயிற்சியும் சம்பளமும் கொடுத்து 56 குடும்பங்களை உருவாக்கினார்கள். ஆய்வு வராமல் இருந்திருந்தால் அந்தக் குடும்பங்கள் யாருக்குமே கிடைத்திருக்காது. குடும்பத்தில் இருந்த யாரையும் பிடுங்கிக் காப்பகத்தில் போடவில்லை, காப்பகக் குழுவில் யாருக்காவது வீடு கிடைத்தால் தடுப்பதில்லை என்றும் முதலிலேயே முடிவு செய்திருந்தார்கள். ஸ்பிட்ஸ் சொன்னார் என்றால் அங்கிருந்த அதிகாரிகள் நம்பிவிடவில்லை, காப்பகமே நல்லது என்று நினைத்தவர்கள் நிறையப் பேர்.

மாற்றுக்கருத்து:
கரிசல்காரி அக்கா சொல்வதில் பாதிக்குத்தான் நான் உடன்படுவேன். எது நல்லது என்று உண்மையிலேயே தெரியாத நிலையில்தான் குலுக்கல் நியாயம். இங்கே தெரியாதவர்கள் அதிகாரிகள், ஆய்வாளர்களுக்கு ஓரளவு தெரியும். சம்மதம் கொடுத்ததும் யார்? அந்தக் குழந்தைகளுக்குச் சட்டப்படி பொறுப்பான அரசு அமைப்புகள், அதாவது காப்பகத்தை நடத்துகிற அதே அரசு. ருமேனியாவின் 2004 சட்டம் இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைக் காப்பகத்தில் சேர்ப்பதைத் தடுத்தது (கடுமையான ஊனம் உள்ளவர்கள் தவிர), நல்லதுதான். ஆனால் பலன் போனது அடுத்து வந்த குழந்தைகளுக்கு, குலுக்கலில் குடும்பம் கிடைக்காத அந்த 68 பேருக்கு அல்ல. தேர்வில் இந்தப் பக்கத்தையும் எழுதுங்க வெண்ணிலா, ஆய்வை முழுசாகத் தூக்கிவைத்து எழுத வேண்டியதில்லை.

அலைவரிசை:
ஈஈஜி கேள்விக்கு வருகிறேன். தலைத்தோலின் மேல் ஒட்டுகிற மின்முனைகள் மூளையின் வெளியடுக்கான புறணியில் இருக்கிற ஆயிரக்கணக்கான நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் இயங்கும்போது எழும் மின்னழுத்த மாற்றத்தை அளக்கின்றன, அவ்வளவுதான். குழந்தை வளர வளர மெதுவான தீட்டா அலையின் பங்கு குறைந்து அதைவிட வேகமான ஆல்பா அலையின் பங்கு ஏறும். காப்பகக் குழந்தைகளிடம் தீட்டா அதிகமாகவும் ஆல்பா குறைவாகவும் இருந்தது, வயதுக்கு இளையவர்களின் பதிவைப் போல. 8 வயதில் எடுத்த பதிவில், 24 மாதத்துக்கு முன் குடும்பத்துக்குப் போனவர்கள் சொந்த வீட்டுக் குழந்தைகளை நெருங்கிவிட்டார்கள், அதற்குப் பிறகு போனவர்கள் அப்படி இல்லை. எம்ஆர்ஐ-யில் சாம்பல் பொருள் (நரம்பணு உடல்கள் நிறைந்த பகுதி) இரு குழுவிலும் குறைவு, வெண்பொருளில் (அவற்றை இணைக்கும் நரம்பிழைகள்) மட்டும் குடும்பத்துக்குப் போனவர்கள் ஓரளவு எட்டிப்பிடித்தார்கள்.

இதை வைத்து "இரண்டு வயதோடு மூளையின் கதவு மூடிவிடும்" என்று எழுதிவிடாதீர்கள், யூடியூபில் அப்படித்தான் அடித்து விடுகிறார்கள். ஒன்று, மொழி, பற்று (வளர்ப்பவரோடு உண்டாகும் பிணைப்பு), ஐக்யூ எல்லாவற்றுக்கும் ஒரே வயதெல்லை கிடைக்கவில்லை. இரண்டாவது, குடும்பத்துக்குப் போவதா இல்லையா என்பதுதான் குலுக்கல், எந்த வயதில் போவது என்பது குலுக்கல் இல்லை. சீக்கிரம் போனவர்கள் காப்பகத்தில் குறைந்த காலமே இருந்தவர்கள். வயதா காலமா என்று பிரிக்க இந்த ஆய்வில் வழி இல்லை.

வெண்ணிலா_எம்எஸ்சி:
கடைசிப் பத்தி எங்கள் பாடப்புத்தகத்திலேயே இல்லை, நன்றி. மாற்றுக்கருத்து சார், அந்தச் சம்மத விஷயத்தை வைத்தே செமினார் எடுக்கப் போகிறேன்.