புதுப்பிப்பு: டெல்லிக்கு எந்த விமானம் என்று கேட்டிருந்தேனே

கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து டெல்லிக்கு நாங்கள் இருவர், ஏழு வயது மகள், அப்பா, அம்மா எந்த விமானத்தில் போகலாம் என்று கேட்டிருந்தேன். ஏர் இந்தியாவில் போய்த் திரும்பிவிட்டோம்.

வேறு நிறுவனத்தில் மலிவாகத் தெரிந்த டிக்கெட்டில் சாப்பாட்டையும் இருக்கைக் கட்டணத்தையும் ஐந்து பேருக்குக் கூட்டியதும் வித்தியாசம் கரைந்துவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை, ஏர் இந்தியாவின் மூன்று மணி நேரப் பயணத்தில் சாப்பாடு டிக்கெட்டோடு தானாக வந்தது நிம்மதி.

மகளுக்காக இருக்கைக்குப் பணம் கட்டவில்லை. ஒரே முன்பதிவில் வரும் 12 வயது வரையிலான பிள்ளைக்குப் பெற்றோர் ஒருவரின் பக்கத்திலேயே இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024-இல் உத்தரவிட்டிருக்கிறது. அப்படியே கிடைத்தது. தாத்தா பாட்டிக்கு அந்தச் சலுகை இல்லையே! அம்மா ஆறு வரிசை பின்னால், நடு இருக்கையில். அங்கே கஞ்சத்தனம் பார்த்தது என் தப்பு.

விமானத்தின் அடியில் ஏற்றக் கொடுக்கும் 15 கிலோ பெட்டியில் போகவேண்டிய மிளகாய் ஊறுகாயை அம்மா கைப்பையில் வைத்திருந்தார். சோதனையில் பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். டெல்லியில் இறங்கும்வரை அதே பேச்சுதான்.