85225144-ஆம் எண் வீடு

கணிதப் புதிரை நிரல் எழுதி விடுவித்த அனுபவம் உள்ளவர்கள் இங்கே பகிருங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

அக்கா மகள் கல்லூரியில் முதலாண்டு. பைத்தான் என்ற நிரல்மொழியைப் படிக்கத் தொடங்கியதும், "மாமா, புத்தகத்தில் இல்லாத கணக்காக ஒன்று கொடுங்கள்" என்று வந்து நின்றாள். ராமானுஜன் விடை சொன்ன வீட்டு எண் புதிரைக் கொடுத்தேன். 1914-இல் ஸ்ட்ராண்ட் இதழில் வந்த அந்தப் புதிரை, பின்னாளில் புள்ளியியல் அறிஞரான மகலனோபிஸ் கேம்பிரிட்ஜில் வாசித்துக் காட்ட, அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த ராமானுஜன் ஒரு தொடர் பின்னத்தையே (பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுகொண்டே போவது) விடையாகச் சொன்ன கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். புதிர் இதுதான்: தெருவில் 1, 2, 3 என்று வரிசையாக வீடுகள். ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். மொத்த வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அது எத்தனையாம் எண் வீடு?

அவள் எழுதிய நிரல் ஒவ்வொரு தெருவாக, ஒவ்வொரு வீடாக நின்று இரு பக்கமும் கூட்டிப் பார்த்தது. 288 வீடுகள், 204-ஆம் எண் என்று கண் இமைக்கும் நேரத்தில் விடை வந்துவிட்டது. 500 வீட்டுக்கு எப்படி எழுதினாலும் ஓடும். "மேல்வரம்பை எடுத்துவிடு" என்றேன். நிரல் திணறத் தொடங்கியது.

பிறகுதான் பேனாவைக் கையில் எடுத்தாள். வீட்டு எண்ணின் வர்க்கம், தெருவின் எல்லா எண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருந்தால் போதும் என்று இரண்டே வரிகளில் தெரிந்துவிட்டது. இரண்டு லூப் (நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் சுற்று) ஒன்றாகக் குறைந்தது. 15 கோடி வீடுகள் வரை ஓடவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது திரையில் 6, 35, 204, 1189, 6930 என்று தொடங்கிய பட்டியல், 7997214, 46611179, 85225144 என்று முடிந்திருந்தது.

இந்தப் பட்டியலில் ஒவ்வொரு எண்ணும் முந்தையதைப் போல ஏறக்குறைய 5.83 மடங்கு. கடைசி எண் மட்டும் இரண்டு மடங்குகூட இல்லை. "கம்ப்யூட்டர் சரியென்றுதானே சொல்கிறது?" என்று கேட்டாள். சொல்கிறதுதான். 120526554 வீடுகள் கொண்ட அந்தத் தெருவின் எல்லா எண்களின் கூட்டுத்தொகை, 85225144-இன் வர்க்கத்தைவிட சரியாக ஒன்று குறைவு. அதன் வர்க்கமூலம் முழு எண்ணுக்குச் சுமார் 0.000000006 குறைவாக வரவேண்டும். ஆனால் அந்த அளவு எண்களில், பைத்தான் வைத்துக்கொள்ளும் அடுத்தடுத்த தசம எண்கள் இரண்டுக்கு இடையே உள்ள இடைவெளியே ஏறக்குறைய 0.000000015. எனவே விடை பக்கத்தில் இருந்த முழு எண்ணில் போய் ஒட்டிக்கொண்டது. "வர்க்கமூலம் முழு எண்தானா?" என்று நிரல் கேட்டது, "ஆம்" என்று பதில் வந்தது.

பைத்தான் 3.8 முதல், வர்க்கமூலத்தின் முழு எண் பகுதியை மட்டும் தருவதற்கென்றே ஒரு செயற்கூறு இருக்கிறது. அதைக் கொண்டு கண்டுபிடித்து, மறுபடி வர்க்கப்படுத்திச் சரிபார்த்தால் போலி வீடு காணாமல் போய்விடுகிறது. அதைவிட நல்ல வழி, லூப்பையே விட்டுவிடுவது. ஓர் எண்ணை ஆறால் பெருக்கி முந்தைய எண்ணைக் கழித்தால் அடுத்தது வந்துவிடும்: 6 × 204 − 35 = 1189. 46611179-க்கு அடுத்த உண்மையான வீடு 271669860. அதை லூப் போட்டுத் தேடினால் 38 கோடியைத் தாண்ட வேண்டும். இப்படிச் செய்தால் ஒரு பெருக்கல், ஒரு கழித்தல். ராமானுஜன் சொன்னதன் உள்ளே இருப்பதும் இதுதான். இரண்டின் வர்க்கமூலத்தை நெருங்கும் 3/2, 17/12, 99/70, 577/408 ஆகிய பின்னங்களின் கீழ் எண்களைப் பாதியாக்குங்கள்: 1, 6, 35, 204. மேலே நிற்கும் 577-இல் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் 288, வீடுகளின் மொத்தம்.

நிரல் எழுதி விடுவிக்கும் கணிதப் புதிர்களைத் தரும் ப்ராஜெக்ட் ஆய்லர் இணையதளத்தின் கணக்குகளைப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். அங்கே நூறாவது கணக்கும் இதே குடும்பம்தான். விடையை மட்டும் கேட்காதீர்கள்.

*

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கும்பகோணம்

தம்பி, எண்கள் பெரிதானால் கணினி ஏமாற்றும் என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓடவிட்டுப் பார்ப்பதே நிரூபணமாகிவிடும் இடங்களும் உண்டு.

நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் 1949-இல் கண்டுபிடித்தது 6174. ஒரு நான்கு இலக்க எண்ணின் இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிக் கழித்து, வந்த விடையை மறுபடி அப்படியே செய்துகொண்டு போக வேண்டும். 3524 என்றால் 5432 − 2345 = 3087, பிறகு 8352, பிறகு 6174. அதற்கு மேல் நகராது.

நூலகத்தில் விடுமுறை வகுப்பு எடுத்தபோது ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இதை நிரலாக எழுதினாள். போட்டுப் பார்த்த மற்ற எண்கள் சரியாக வந்தன, 2111 மட்டும் சுழியத்தில் போய் விழுந்தது. சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் போட்டுப் பார்த்தாள். 2111 − 1112 = 0999. நாம் கையால் எழுதும்போது முன்னால் அந்த 0 தானாக வந்துவிடுகிறது. நிரலில் அது வெறும் 999, திருப்பிப் போட்டாலும் 999, கழித்தால் ஒன்றுமில்லை. நான்கு இடமும் நிரம்பும்படி சுழியம் சேர்க்கும் ஒரு வரியை எழுதினாள். 2111-உம் 0999, 8991, 8082, 8532 வழியாக 6174-க்கு வந்து சேர்ந்தது.

1000 முதல் 9999 வரை, நான்கும் ஒரே இலக்கமான ஒன்பது எண்களை நீக்கினால் 8991 எண்கள். அத்தனையும் ஏழு படிகளுக்குள் 6174-ஐ அடைகின்றன. ஒன்றுவிடாமல் பார்த்தாகிவிட்டது. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

*

வங்கி ஊழியை, மதுரை

நிரலே தேவைப்படாத கணக்குக்கும் நிரல் எழுதும் பழக்கம் பரவி வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதே ஸ்ட்ராண்ட் இதழில் 1924-இல் ஆங்கிலப் புதிர் ஆசிரியர் டூடனி வெளியிட்ட எழுத்துக் கூட்டல் புதிர்: SEND + MORE = MONEY. ஆங்கில எழுத்துகள் எட்டு, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு இலக்கம். என் மகன் 18,14,400 வழிகளையும் சோதிக்கும் நிரலை எழுதிக்கொண்டிருந்தான். இரண்டு நான்கு இலக்க எண்களைக் கூட்டி ஐந்து இலக்கம் வந்தால் முதல் இலக்கம் 1-ஆகத்தான் இருக்க முடியும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமனார் தொடங்கினார். அடுத்தது 0, பிறகு 9 என்று அவர் செய்தித்தாளின் ஓரத்திலேயே 9567 + 1085 = 10652 என்று எழுதி முடித்தபோது, இவன் அடைப்புக்குறி எங்கே விட்டுப்போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தான்.

*

தொடங்கியவர்

ஐயா, உங்கள் மாணவியிடம் இதைச் சொல்லுங்கள்: 8991 எண்களைப் பார்க்கத் தேவையில்லை. இலக்கங்களைப் பெரியதிலிருந்து அ, ஆ, இ, ஈ என்று வைத்தால் முதல் கழித்தலின் விடை எப்போதும் 999(அ−ஈ) + 90(ஆ−இ). அதற்கு 54 விடைகள்தான் சாத்தியம். ஒரு தாளில் அடங்கிவிடும், கணினி இல்லாமலே முடிக்கலாம்.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அக்கா மகள் ஐந்து இலக்கத்துக்கு ஓடவிட்டாள். ஒற்றை எண்ணில் எதுவும் நிற்கவில்லை. மூன்று சுழல்களில் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொள்கிறது. மிகச் சிறியது 53955, 59994 என்ற இரண்டுக்குள் மாறி மாறிப் போவது. ஆறு இலக்கத்தில் நிற்கும் எண்கள் இரண்டு: 549945, 631764. கூடவே ஏழு எண்கள் கொண்ட ஒரு சுழலும் இருக்கிறது. ஏழு இலக்கத்துக்கு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. முன் நிற்கும் சுழியத்தை இந்த முறை முதலிலேயே கவனித்துக்கொண்டாள்.