விண்டோஸ் 11 இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டி தெரியவில்லை: எந்த விஎம்டி டிரைவர் பொருந்தும்?

வணக்கம் நண்பர்களே. 11ஆம் தலைமுறை இன்டெல் ஐ5 லேப்டாப், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. முழுவதும் அழித்துவிட்டு விண்டோஸ் 11 புதிதாகப் போட வேண்டும். பென்டிரைவ் சரியாக பூட் ஆகிறது. ஆனால் எந்த டிரைவில் நிறுவுவது என்று கேட்கும் திரையில் பட்டியலே காலி.

எஸ்எஸ்டி பழுதில்லை. பயாஸில் பெயரும் கொள்ளளவும் தெரிகின்றன. காரணம் இன்டெல் விஎம்டி (செயலியில் உள்ள ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்)தான்: அது ஆன் ஆக இருந்தால் எஸ்எஸ்டி அந்தக் கன்ட்ரோலருக்குப் பின்னால் போய்விடும், அதற்கான டிரைவர் இன்ஸ்டாலரில் இல்லை. எனவே 'எஸ்எஸ்டியை மாற்றுங்கள்' என்று தயவுசெய்து சொல்ல வேண்டாம்.

அந்த டிரைவர், அதாவது இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர், இஎக்ஸ்இ கோப்பாக வருகிறது. அதை அப்படியே பென்டிரைவில் போட்டால் இன்ஸ்டாலரின் 'லோட் டிரைவர்' கண்டுகொள்ளாது, ஐஎன்எஃப் (டிரைவரை நிறுவும் விவரங்கள் உள்ள) கோப்புதான் வேண்டும். கமாண்ட் பிராம்ப்ட்டில் 'எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ்' சுவிட்ச் கொடுத்துப் பிரித்து, விஎம்டி ஃபோல்டரைக் காட்டியாயிற்று. அப்போதும் பொருந்தும் டிரைவர் எதுவும் இல்லை என்றே வருகிறது. இறக்கியது 20ஆம் வரிசை. 11ஆம் தலைமுறைக்கு 19 அல்லது 18தான் எடுக்குமா? போட்டுப் பார்த்தவர்கள் பதிப்பு எண்ணோடு சொல்லுங்கள்.

இன்னொன்று, பயாஸில் விஎம்டியை அணைக்கும் வரியே இல்லை. சில லேப்டாப்களில் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல்+எஸ் அழுத்தினால் அது வெளிப்படும், இதில் வரவில்லை. வேறு வழி உண்டா? தரவெல்லாம் வெளி டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது, அணைத்தால் பழைய விண்டோஸ் நீலத் திரையில் நின்றாலும் பரவாயில்லை.