முன்பின் தெரியாத ஆளைப் பார்த்து "இவர் இப்படித்தான்" என்று ஊகித்த அனுபவம் உண்டா?

வாவிக்கரையான்:
உதயதேவி ரயிலில் கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வருகிறவர்களுக்கு இந்த விளையாட்டை விளக்கத் தேவையில்லை. மாகோ தாண்டினால் கதையெல்லாம் தீர்ந்துவிடும். அப்புறம் எதிர் சீட்டில் இருப்பவர்தான் பொழுதுபோக்கு. அன்றைக்கு எனக்கும் மச்சாளுக்கும் கிடைத்தவர், குடையை ஜன்னலில் கொழுவிவிட்டு மடித்த பேப்பரை மடியில் வைத்திருந்த ஒரு பெரியவர்.

"ஓய்வுபெற்ற அதிபர். தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டார். பேப்பரை மரண அறிவித்தலில்தான் தொடங்குவார்" என்றேன். "இல்லை, ராசிபலனில்" என்றாள் மச்சாள்.

கல் ஓயாவில் இறால் வடை வந்தது. பெரியவர் ஒன்று வாங்கினார். மேலே பதித்திருந்த இறால்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கடதாசியின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினார். வெறும் வடையை முதலில் தின்று முடித்தார். பிறகு இறால்களை, கோதோடு, ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல். கையைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"தம்பி, மரண அறிவித்தலா ராசிபலனா எண்டு ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்திட்டீங்களா?"

மச்சாள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அவர் அதற்குப் பிறகு பேப்பரை விரிக்கவே இல்லை. வேண்டுமென்றே என்றுதான் நினைக்கிறேன். ஏறாவூரில் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். எந்தப் பக்கத்தில் தொடங்குவாரோ, இன்றைக்கும் அது ஒரு குடைச்சல்.

புடவைக்கடைப் பிள்ளை:
மெல்லக் கதைக்கத் தெரியாதவர்கள் விளையாட வரக்கூடாது அண்ணா.

நான் கல்முனையில் புடவைக்கடையில் நின்றவள். எங்களுக்கு இது நாள் முழுக்க நடக்கும். "கலர் எண்டா எதுவும் பரவாயில்ல" என்று சொல்லிக்கொண்டு வருகிற அம்மாதான் அலுமாரி முழுவதையும் இறக்க வைப்பா. தங்கச்சியைக் கூட்டி வருகிற பெண் தனக்குப் பிடித்ததை வாங்கமாட்டாள், தங்கச்சிக்குப் பிடித்ததையே வாங்குவாள். இதெல்லாம் பெரும்பாலும் சரிவரும்.

ஒரு நாள் வயதான ஐயா ஒருவர் தனியாக வந்தார். கூட நின்ற பிள்ளை "மண் கலர்" என்றாள், நான் "சாம்பல்" என்றேன். தோற்றால் பிளேன்டீ. ஐயா சட்டைப் பையிலிருந்து ஒரு நெருப்புப் பெட்டியை எடுத்தார். திறந்தால் உள்ளே விரல் நுனி அளவுக்கு வெட்டிய துணி, கிளிப்பச்சை. "மகள், இதே பச்சையில இருக்கா?" இருக்கிற பச்சை எல்லாவற்றையும் போட்டுக் காட்டினோம். துணித்துண்டை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தார், வெளிச்சத்துக்குக் கொண்டுபோயும் பார்த்தார். எதுவும் ஒத்துவரவில்லை. பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். ஆருக்கு என்று கேட்க வாய் வரவில்லை.

தயிர்முட்டி:
வடையில் இறாலைக் கடைசிக்கு வைக்கிற ஆள் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தையும் கடைசிக்கு வைப்பார். இதில் என்ன குடைச்சல்? முன்பக்கத்திலிருந்து ஒழுங்காக வாசிக்கிற மனுசன்.

நான் படுவான்கரைப் பக்கத்து எருமைத் தயிர் விற்கிறவன். ஆள் வாகனத்தால் இறங்கி வந்தவுடனேயே, தயிருக்குச் சீனியா பாணியா (இனிப்புப் பாகு) என்று சொல்லிவிடுவேன். முட்டியைச் சரித்துப் பார்க்கிறவர் சீனி. விலையை முதலில் கேட்கிறவரும் சீனி. படம் எடுக்கிறவர் பாணி. பிழைத்தது குறைவு.

நிதானம்:
எனக்கு நடந்தது சின்ன விசயம். மாமாங்கத் திருவிழாவில் கச்சான் கடைகளுக்குப் பக்கத்தில் கைரேகை பார்க்கிறவர் ஒருவர் என்னிடம், "வெளியில சிரிப்பீங்க, உள்ளுக்குள்ள ஒரே யோசினை" என்றார். ஆடிப்போய்விட்டேன். கச்சான் வாங்கித் திரும்பி வந்தால், அடுத்த பொடியனுக்கும் அதே வசனம். அவனும் ஆடிப்போய் நிற்கிறான்.

இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1948இல் பேர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஒரு குணப் பரிசோதனை வைத்தார். பிறகு ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "இது உங்களைப் பற்றியது, எவ்வளவு பொருந்துகிறது?" என்று 5க்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். வசனங்களை ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். "சில நேரம் கலகலப்பு, சில நேரம் ஒதுக்கம்" என்றால் ஆருக்குத்தான் பொருந்தாது?

ஆகவே ஊகிப்பதென்றால் பிழைக்கக்கூடியதை ஊகியுங்கள். சீனி எத்தனை கரண்டி, ரொட்டியைப் பிய்ப்பாரா சுருட்டுவாரா, குளிக்கிற தண்ணீர் சுடுதண்ணியா பச்சைத்தண்ணியா. பார்த்தவுடன் சொல்லிவிட வேண்டும், யோசித்தால் நாங்களே வளைத்துக்கொள்வோம். சரிவந்தவை மட்டும் நினைவில் நிற்கும் என்பதால் பிழைத்ததையும் எழுதி வையுங்கள். தயிர்க்காரருக்கும் இதையே சொல்கிறேன், "பிழைத்தது குறைவு" என்பது கணக்கில்லை. இன்னொன்று, ஊர், சமயம் இதற்குள் போகாதீர்கள். ஒரு காலத்தில் சோதனைச் சாவடியில் எங்களைப் பார்த்து ஊகித்தவர்கள் விளையாட்டுக்கு ஊகிக்கவில்லை.

காரைதீவு மறுகா:
கடைசி வரிக்கு மட்டும் ஓம். மற்றதெல்லாம் ஆர் கேட்டது? அமெரிக்காவில் பொடியன்கள் தாளுக்குப் புள்ளி போட்டதால் எங்கட அம்மம்மா பிழையா? அவ பந்தியில் ஒருத்தன் பிட்டைக் குழைக்கிறதைப் பார்த்தே, "இவனுக்குத் தாய் ஊட்டி வளத்திருக்காகா" என்பா. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கு என்ன சாப்பாட்டில் ஆசை என்று அவ கேட்டதே கிடையாது. வேலி பாய்ந்து புளிமாங்காய் போகும், சரியாக இருக்கும்.

நிதானம்:
பிள்ளைத்தாய்ச்சிக்குப் புளி என்பதெல்லாம் ஊகமா?

காரைதீவு மறுகா:
பக்கத்து வீட்டு மாமிக்குப் புளி ஆகாது. அவவுக்குப் போனது சுட்ட கருவாடு. இதையும் எழுதி வையுங்க.

தயிர்முட்டி:
சண்டையை விடுங்க. நிதானம் அண்ணே, உங்கட எழுத்தை வைத்துச் சொல்கிறேன். நீங்க பாணி.

நிதானம்:
உப்பும் பச்சை மிளகாயும்.

தயிர்முட்டி:
அது தயிர் இல்லை அண்ணே, மோர் குடிக்கிற ஆள். கணக்கில் சேராது.