புதுப் பானையில தண்ணி குளிரவே இல்ல

கேள்வி (நகரி, கொரோனா ஊரடங்கு சமயத்துல கேட்டது):
ஊரடங்கு, கூடவே கத்திரி வெயில். தொண்டை கட்டினாலே கொரோனாவோன்னு பயம், அதனால ஃபிரிட்ஜ் தண்ணிய விட்டுட்டு மண்பானை வச்சோம். நாலு நாளா வெதுவெதுன்னே இருக்கு. ஏன்?

பதில் (புத்தூர்):
தம்பி, பானையோட வெளிப்பக்கத்தத் தொட்டுப் பாருங்க. ஈரம் கசியணும், அது ஆவியாகும்போதுதான் உள்ள இருக்கிற சூட்டை எடுத்துட்டுப் போகும். வார்னிஷ் அடிச்ச பானைன்னா துளையெல்லாம் அடைஞ்சிருக்கும், மாத்திடுங்க. சாதாப் பானைன்னா 24 மணி நேரம் தண்ணியில முழுக வச்சு, தேங்காய் நாரால தேய்ங்க. சோப்பு வேண்டவே வேண்டாம், மண்ணு அந்த வாசனைய இழுத்து வச்சுக்கும்.

பதில் (திருத்தணி):
அக்கா சொன்னதோட இதையும் செய்ங்க. நாலு விரல் கனத்துக்கு ஆத்து மணல் பரப்பி நனைச்சு, அதுமேல பானைய வைங்க. சமையல்கட்டு மூலையில வச்சா காத்து படாது, குளிராது. ஜன்னலோர நிழல்தான் சரி. போர் தண்ணின்னா வெளிய வெள்ளையா உப்பு பூக்கும், அதுவும் துளைய அடைக்கும். வாரம் ஒருதரம் தேய்ச்சுக் கழுவுங்க. முக்கியமா, ஆளாளுக்கு டம்ளர விட்டு மொள்ளக் கூடாது இப்போ. நீளக் காம்பு கரண்டி ஒண்ணு போதும்.

கேட்டவர்:
பார்த்தேன் அக்கா, வெளிய பளபளன்னு வார்னிஷ்தான். சாதாப் பானை வாங்கிடறேன்.