பி5.ஜேஎஸ்: மைக் லெவல் எப்பவும் 0, அவசரம்

கிறுக்கல்22: பி5.ஜேஎஸ்ல (பிரவுசர்ல படம் வரையற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) ஒரு ஸ்கெட்ச், சத்தம் போட்டா வட்டம் பெருசாகணும். மைக்.ஸ்டார்ட் குடுத்தாச்சு. சத்த அளவைத் தர்ற கெட்லெவல் 0-லயே நிக்குது. எரர் எதுவும் வரல. நாளைக்கு சப்மிஷன், ப்ளீஸ்.

நீலப்பிக்சல்: எந்த பிரவுசர்? பி5 1-ஆ, 2-ஆ? ஃபைலை டபுள்கிளிக் பண்ணித் திறக்குறீங்களா, லோக்கல் சர்வர்லயா? கோடு போடுங்க, ஜோசியம் தெரியாது.

ஒலிவாணன்: விண்டோஸ் பிரைவசி செட்டிங்ஸ்ல மைக்ரோஃபோன் ஆஃப்ல இருக்கும். பத்துக்கு ஒன்பது கேஸ் அதுதான்.

பழையகம்பைலர்: அதுன்னா பெர்மிஷன் எரர் வந்திருக்கும். இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் எழுதறது? தேடற பழக்கமே கிடையாது. குரோம் 71-லேருந்து, அதாவது 2018 டிசம்பர்லேருந்து, பயனர் கிளிக் பண்ணாம ஆடியோ கான்டெக்ஸ்ட் (பிரவுசரோட ஒலி இன்ஜின்) ஓடாது, சஸ்பெண்டட்லயே, அதாவது நிறுத்தி வெச்ச நிலைலயே, கிடக்கும். ஆரம்பத்துல ஒரு தடவை ஓடற செட்டப்ல இருக்கற மைக்.ஸ்டார்ட்டை எடுத்து, கிளிக் பண்ணா ஓடற மவுஸ்பிரஸ்டுக்குள்ள போடு. அதுக்கு முந்தின வரில யூசர்ஸ்டார்ட்ஆடியோ. கன்சோல்ல கெட்ஆடியோகான்டெக்ஸ்ட்().ஸ்டேட் அடிச்சா 'ரன்னிங்'னு வரணும்.

கிறுக்கல்22: லேப்டாப்ல வந்துருச்சு!! போன்ல மட்டும் வரல. காட்டவேண்டியது போன்லதான்.

நீலப்பிக்சல்: அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே. போன்ல என்ன முகவரி அடிக்கிறீங்க? 192.168-ல ஆரம்பிச்சு 5500-ல முடியுதா?

கிறுக்கல்22: ஆமா

தாராபதி: இதெல்லாம் ப்ராசஸிங்ல (பி5-க்கு முன்னோடி, ஜாவாவுல எழுதறது) பண்ணியிருந்தா தொல்லையே இல்ல.

நீலப்பிக்சல்: ப்ராசஸிங் ஸ்கெட்ச்சை லிங்க்கா அனுப்பினா போன்ல திறக்குமா?

பழையகம்பைலர்: ரெண்டும் வேணாம். ஜாவாஸ்கிரிப்ட் ஒழுங்கா படிச்சுட்டு வரட்டும்.

தாராபதி: வட்டம் நகர்றதைப் பார்த்த பிறகுதான் பாதிப் பேருக்கு ஃபார் லூப்பே புரியுது சார்.

நீலப்பிக்சல்: சண்டையை வேற இழைல வெச்சுக்கோங்க. கிறுக்கல், லோக்கல்ஹோஸ்ட்டைப் பிரவுசர் பாதுகாப்பானதா ஏத்துக்கும். வெறும் எச்டிடிபி-ல ஐபி முகவரின்னா ஏத்துக்காது, மைக்கே குடுக்காது. சுலப வழி: பி5 வெப் எடிட்டர்ல ஏத்தி, ஷேர்ல முழுத்திரை லிங்க்கை எடுத்து போன்ல திறங்க. அது எச்டிடிபிஎஸ், பாதுகாப்பான இணைப்பு. ஆண்ட்ராய்டுன்னா இன்னொரு வழி: யூஎஸ்பி டிபக்கிங் ஆன் பண்ணி கேபிள் சொருகுங்க, லேப்டாப் குரோம்ல இன்ஸ்பெக்ட் பக்கத்துல போர்ட் ஃபார்வர்டிங் 5500 போடுங்க. போன்லயும் லோக்கல்ஹோஸ்ட்:5500-னே திறக்கலாம்.

கிறுக்கல்22: எடிட்டர்ல போட்டேன், வருது. நன்றி. வட்டம்தான் கன்னாபின்னானு நடுங்குது.

ஒலிவாணன்: பி5 1.எக்ஸ்னா கெட்லெவல்(0.8) குடுங்க, மிருதுவாகும். சாதாரணப் பேச்சுக்கு மதிப்பு 1 வரைக்கும் போகாது. அதனால மேப்ல (சத்த அளவை வட்டத்தோட அளவா மாத்தற ஃபங்ஷன்) மேல்வரம்பை 0.3-னு வெச்சுப் பாருங்க. கைதட்டினா வட்டம் திரையை விட்டு வெளியே போகும், கன்ஸ்ட்ரெய்ன் போட்டு நிறுத்துங்க.