ஆயில் அளவு தானா ஏறுது, சர்வீஸுக்கு இன்னும் 3,800 கிமீ இருக்கு. ஓட்டலாமா?

நாலுகால்_பாய்ச்சல்
அவசரம். புக்ல 10,000 கிமீ இல்லன்னா 1 வருஷம்னு போட்டிருக்கு. மாத்தி 6,200 தான் ஓடியிருக்கு. இன்னைக்கு டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தா மேக்ஸ் கோட்டுக்கு மேல ஒரு விரக்கடை நிக்குது. நடுவுல நான் ஆயில் ஊத்தவே இல்ல. மெக்கானிக் இப்பவே மாத்துங்கறார். காலைல வெளியூர் கிளம்பணும். எந்த பார்ட் எப்ப மாத்தணும்னு ஒரு லிஸ்ட்டும் குடுத்தா நல்லா இருக்கும்.

பிஸ்டன்பாபு
பெட்ரோலா டீசலா? டர்போ உண்டா? சமதளத்துல நிறுத்தி, இன்ஜின் ஆஃப் பண்ணி எத்தனை நிமிஷம் கழிச்சுப் பார்த்தீங்க?

கேஸ்கெட்_கண்ணன்
எதுவா இருந்தா என்ன, கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கற தண்ணி) ஆயிலுக்குள்ள இறங்குது. ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற அடைப்புத் தகடு, போச்சு. ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டிப் பாருங்க, அடியில பால் காபி நிறத்துல நுரை இருக்கும்.

பிஸ்டன்பாபு
மூடிக்கு அடியில மட்டும் வெளுப்பா இருந்தா அது சின்னச் சின்ன ஓட்டத்துல இன்ஜின் சூடேறாம தங்குற ஈரம். டிப்ஸ்டிக்லயே வெளுப்பு ஒட்டி, கூலன்ட் டேங்க்லயும் மட்டம் இறங்கினாத்தான் கேஸ்கெட்டைப் பத்திப் பேசணும்.

பழைய_ஸ்பானர்
டாக்டர்கிட்ட போய் "உடம்பு" அப்படின்னு மட்டும் சொல்லிட்டு மருந்து கேக்கற மாதிரி இருக்கு. "கார்"னு ஒண்ணு உலகத்துல கிடையாது தம்பி, இன்ஜின்தான் இருக்கு. இருந்தாலும் கேட்டுட்டீங்க, எழுதி வெச்சுக்கோங்க.

டர்போ இல்லாத சாதா பெட்ரோல்: ஆயில், ஃபில்டர் 10,000 / 12 மாசம், எது முதல்ல வருதோ அது. நிக்கல் பிளக் 30,000–40,000, இரிடியம் 1,00,000 வரைக்கும் தாங்கும்.
நேரடி இன்ஜெக்ஷன் டர்போ பெட்ரோல்: தினம் 3 கிமீ ஓட்டம்னா புக் கணக்குல பாதி. பெட்ரோல் ஆயில்ல கலந்து அதை நீர்க்க வைக்கும். பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள பாயும், காத்து நுழையற இன்டேக் வால்வு மேல படாததால அங்க கரி கட்டும், அதை டேங்க்ல ஊத்துற எந்த மருந்தும் தொடாது.
சிஎன்ஜி: பிளக் சீக்கிரம் தேயும், வால்வு இடைவெளியையும் பார்க்கணும்.
ஹைப்ரிட்: இன்ஜின் கம்மியாத்தான் ஓடும், ஆனா மாசக் கணக்கு மாறாது. பேட்டரி ஃபேன் ஃபில்டரை யாரும் தொடறதே இல்ல.
எல்லாத்துக்கும் பிரேக் ஆயில் 2 வருஷம். அது காத்துல இருக்கற ஈரத்தைக் குடிக்கும், கிமீ ஓடலைன்னாலும்.

செயின்_சிங்கம்
வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கறதுக்கு பெல்ட்டுக்குப் பதிலா டைமிங் செயின் இருந்தா ஒரு செலவு மிச்சம். ஆயுசு முழுக்கத் தொட வேண்டாம்.

பழைய_ஸ்பானர்
செயினை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனரே ஆயில் அழுத்தத்துலதான் நிக்குது. ஆயிலைத் தள்ளிப் போட்டா செயின் நீளும். ஆயிலுக்குள்ள ஓடுற பெல்ட் இன்னும் மோசம்: தப்பான ஆயில் ஊத்தினா ரப்பர் ஊறி உதிரும், அந்தத் துகள் சம்ப்ல (இன்ஜின் அடியில இருக்கற ஆயில் தொட்டி) இருக்கற சல்லடையை அடைக்கும், அழுத்தம் விழும்.

செயின்_சிங்கம்
நான் செயினைச் சொன்னேன், நீங்க பெல்ட்டைச் சொல்றீங்க.

பிஸ்டன்பாபு
இதுக்குத் தனி இழை போடுங்கப்பா. கேட்டவர் எங்க?

நாலுகால்_பாய்ச்சல்
ஸாரி. டீசல், டர்போ. டிபிஎஃப்னு ஒரு மஞ்ச விளக்கு ரெண்டு வாரமா எரியுது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

பிஸ்டன்பாபு
அதுதான் விஷயமே, கடைசில சொல்றீங்க.

டிபிஎஃப்ங்கறது டீசல் புகையில வர்ற கரியைப் பிடிக்கற ஃபில்டர். அதுல புகைக்கரி நிறைஞ்சதும் அதை எரிக்கறதுக்காக ஈசியு (இன்ஜினோட கம்ப்யூட்டர்) கூடுதலா டீசலை லேட்டா பீச்சும். எக்ஸாஸ்ட் 600 டிகிரி பக்கம் சூடாகி கரி எரியணும், இதுக்குப் பேர்தான் ரீஜென். நடுவுல வண்டியை ஆஃப் பண்ணினா வேலை பாதியில நின்னு, அடுத்த ஓட்டத்துல மறுபடி முதல்ல இருந்து. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் சிலிண்டர் சுவர்ல ஒட்டி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி சம்ப்புக்கு இறங்கும். பெட்ரோல்னா நீள ஓட்டத்துல ஆவியாகிடும், டீசல் லேசுல போகாது. டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்க, விரல்ல தேச்சா தண்ணி மாதிரி வழுக்கும்.

ஓட்டாதீங்க. நீர்த்த ஆயில் பேரிங்கைத் தேய்க்கும். அளவு ரொம்ப ஏறினா இன்ஜின் தன் ஆயிலையே இழுத்து எரிக்க ஆரம்பிக்கும், சாவியைத் திருப்பினாலும் நிக்காது.

ஆயில், ஃபில்டர், வடிகால் போல்ட் வாஷர் மூணும் புதுசு. ஆயில், எரிஞ்சா சாம்பல் குறைவா விடற ஏசிஇஏ (ஐரோப்பிய ஆயில் தரம்) சி வகை, சி2வா சி3யா என்பதை புக்ல பாருங்க. சொன்ன அளவுல அரை லிட்டர் குறைச்சு ஊத்தி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு, பத்து நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊத்துங்க.

கேஸ்கெட்_கண்ணன்
முதல்ல ஸ்கேனர் போட்டு கட்டாய ரீஜென், அப்புறம் ஆயில். ரீஜென்ல புது ஆயிலும் கெடும்ல?

பழைய_ஸ்பானர்
மேக்ஸுக்கு மேல நிக்கும்போது ரீஜென் போடச் சொல்றவரை இப்பத்தான் பார்க்கறேன். முதல்ல ஆயில். ரீஜென் முடிஞ்சதும் டிப்ஸ்டிக்கை மறுபடி பாருங்க, ஏறியிருந்தா திரும்ப மாத்துங்க.

பிஸ்டன்பாபு
ஏன் ரீஜென் முடியலைன்னும் தேடணும். கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடற தெர்மோஸ்டாட் திறந்தே சிக்கினா இன்ஜின் சரியா சூடேறாது, ரீஜென் ஒழுங்கா நடக்காது. டிபிஎஃப் அழுத்த சென்சார் குழாய் வெடிச்சிருக்கலாம், இன்ஜெக்டர் ஒழுகலாம். டேங்க்ல டீசல் கம்மின்னாலே பல வண்டில ரீஜென் வராது. ஓடும்போது டெம்ப் முள் எங்க நிக்குது?

நாலுகால்_பாய்ச்சல்
பயணத்தைத் தள்ளிப் போட்டாச்சு. வடிச்சது 5.6 லிட்டர், புக்ல 4.5. தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருந்துச்சு, மாத்தி ரீஜென் போட்டதும் விளக்கு அணைஞ்சது. நன்றி.

கேஸ்கெட்_கண்ணன்
மூடிக்கு அடியில நுரை இருந்துச்சா இல்லையா?